நீலக்கல்லும் கடல்நிறக் கல்லும்: வாங்கும் முன் தெரிந்துகொள்வோம்

(சோமனூரில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாதம் ஒரு உறுப்பினர் கேட்டாங்க: "நீலக்கல் மோதிரம் வாங்கக் குழுவுல கடன் எடுக்கலாங்களா? கல்லு நிஜம்தானான்னு எப்படிங்க தெரியும்?" நல்ல கேள்வி. துணி விஷயத்தில் நம்மை யாரும் ஏமாற்ற முடியாது. தொட்டுப் பார்த்தே எத்தனாம் நம்பர் நூல் என்று சொல்லிவிடுவோம். கல்லுக்கும் அப்படிச் சில குணங்கள் உண்டு.

கல் தொழில் நம் பகுதிக்குப் புதிதல்ல. நம்ம நொய்யல் கிழக்கே போகிற வழியில், சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணல் இருக்கிறது. அங்கே 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் நீலக்கல், பெரில், படிகம் ஆகியவற்றில் மணி செய்த தடயங்கள் கிடைத்தன. காங்கேயம் பக்கத்துப் படியூர் பெரிலுக்கும், சிவன்மலை குருந்தத்துக்கும் பேர்போன ஊர்கள்.

இந்தக் குருந்தமும் பெரிலும் இரண்டு குடும்பங்கள். குருந்தம் சிவப்பாக இருந்தால் மாணிக்கம், நீலமாக இருந்தால் நீலக்கல். பெரில் கரும்பச்சையாக இருந்தால் மரகதம், கடல் தண்ணி மாதிரி இளநீலமாக இருந்தால் அக்வாமரின். இரண்டிலும் நீலம் இருப்பதால்தான் குழப்பம். மூன்று குணங்களைப் பார்ப்போம்.

ஒன்று, கடினம். 10 வரை உள்ள அளவுகோலில் வைரம் 10, குருந்தம் 9, பெரில் ஏழரை முதல் 8, கண்ணாடி சுமார் ஐந்தரை. அதனால்தான் குருந்தப் பொடியைச் சாணை பிடிக்கப் பயன்படுத்தினார்கள். ஆனால் வீட்டில் உரசிப் பார்க்காதீங்க, நல்ல கல்லும் கெட்டுப்போகும்.

இரண்டு, கனம். குருந்தம் தண்ணீரைப் போல 4 மடங்கு கனம். பெரில் சுமார் 2.7 மடங்குதான். நகையில் பதிக்காத கல் என்றால் நாமே பார்க்கலாம். நுணுக்கமான எலக்ட்ரானிக் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்ஜியம் ஆக்குங்க. எடை போட்ட கல்லை நூலில் கட்டி, டம்ளரின் அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுகவிடுங்க. 4 கிராம் குருந்தம் என்றால் தராசு 1 கிராம் காட்டும். 4 கிராம் பெரில் என்றால் சுமார் ஒன்றரை கிராம் காட்டும். ஆனால் கண்ணாடியும் படிகமும் ஏறக்குறைய பெரில் மாதிரியே காட்டும். அதனால் இது மட்டும் போதாது.

மூன்று, ஒளி. டம்ளர் தண்ணீரில் பென்சிலை வைத்தால் வளைந்து தெரியுமல்லவா? கல்லுக்குள்ளும் ஒளி அப்படி வளைகிறது. அதை அளக்கும் கருவி கல் சோதிப்பவர்களிடம் இருக்கும். தண்ணீருக்கு 1.33, பெரிலுக்குச் சுமார் 1.57, குருந்தத்துக்குச் சுமார் 1.76. அளவு கூடக்கூட ஜொலிப்பும் கூடும். இன்னொன்று, இந்த இரண்டு கல்லும் ஒளியை இரண்டாகப் பிரிப்பதால் கருவியில் இரண்டு அளவு தெரியும். கண்ணாடியில் ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை. 1900-களின் தொடக்கத்திலிருந்தே தொழிற்சாலையில் குருந்தம் செய்கிறார்கள். அதன் கடினம், கனம், ஒளி எல்லாம் மண்ணில் விளைந்த கல்லைப் போலவே இருக்கும், விலையோ மிகக் குறைவு. ஆய்வகத்தில் பூதக்கண்ணாடி வைத்து உள்ளே பார்த்துத்தான் பிரித்துச் சொல்வார்கள். ஏமாற்றும் பழசுதான். படிகத்துக்குச் சாயம் ஏற்றிப் பெரில் போலச் செய்கிறார்கள் என்று சுமார் 2,000 வருடத்துக்கு முன்பே ரோமாபுரியின் பிளினி எழுதியிருக்கிறார்.

அதனால் விலை கூடிய கல் என்றால் ஆய்வகச் சான்றும் ரசீதும் இல்லாமல் பணம் கொடுக்காதீங்க. சான்றில் "இயற்கை" என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்க. அவசரத்துக்கு நகையை அடகு வைக்கப் போனால் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் கடன் தருவாங்க. ஆசைக்குக் கல் வாங்குவது அவரவர் விருப்பம். ஆனால் சொந்தச் சேமிப்பில் வாங்குங்க. குழுக் கடன் கறவை மாட்டுக்கும், தறிக்கும், பிள்ளைகள் படிப்புக்கும் போகட்டும்.