சதவீதத்துக்கு முன்னால் செய்முறை



வெப்பத்தை எப்படிக் கடத்துவது என்ற சிக்கல் தேனி மாவட்டத்துக்குப் புதிதல்ல. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை கொடியை விட்டு இறங்கிய கையோடு குளிரைத் தேடுகிறது. போடிமெட்டு ஏறும் லாரியின் ரேடியேட்டர் கொண்டை ஊசி வளைவுகளில் திணறுகிறது. நானோ அளவுத் துகள்கள் கலந்த திரவங்களான நானோபாய்மங்களைப் பற்றி இங்கே ஒரு கருத்தரங்கு கூடுவது பொருத்தம்தான்.

மலைத் தோட்டம் ஒன்றில் ஒரே நாளில் எடுத்த ஏலக்காயை இரண்டு ஸ்டோர்களில் இரண்டு விதமாக உலர்த்தினால், போடி ஏலத்தில் அது இரண்டு விலைக்குப் போகும். நானோபாய்மத்தின் கதையும் அதுவே. அதே அலுமினாத் தூள், அதே நீர், அதே விழுக்காடு. ஆனால் ஆய்வகம் மாறினால் வெப்பக் கடத்துதிறனும் மாறுகிறது. தயாரிப்பு விவரம் இல்லாத எண்ணை ஆய்வு முடிவாக ஏற்கலாமா என்பதே இந்த உரை எழுப்பும் கேள்வி. ஏற்கக் கூடாது என்பதே தலைமை ஏற்றிருக்கும் என் கருத்து.

நீரின் கடத்துதிறன் சுமார் 0.6 வாட்; எத்திலீன் கிளைக்காலுக்கு 0.25, செம்புக்கோ 400 (மீட்டருக்கு, கெல்வினுக்கு). திரவத்தில் உலோகத்தைக் கலந்தால் என்ன என்ற எண்ணம் யாருக்கும் வரும். துகள் கலந்த ஊடகத்தின் கடத்துதிறனுக்கான கணக்கை மேக்ஸ்வெல் 1873-லேயே எழுதிவிட்டார். ஆனால் பெரிய துகள் அடியில் படியும், குழாயை அடைக்கும். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் ஸ்டீபன் சோய் 1995-இல் நானோ அளவுக்கு இறங்கி, 'நானோஃப்ளூயிட்' என்று பெயரும் வைத்தார்.

2001-இல் அதே குழு வெளியிட்ட முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. எத்திலீன் கிளைக்காலில் வெறும் 0.3 விழுக்காடு செம்பு. கடத்துதிறன் 40 விழுக்காடு வரை உயர்வு. இந்த 40-ஐ மேற்கோள் காட்டாத நானோபாய்மக் கட்டுரை அரிது. அதற்குப் பின்னால் இருந்த செய்முறையைச் சொல்பவர்கள்தான் குறைவு. செம்பை ஆவியாக்கி, ஓடும் திரவத்தின் மீதே குளிர்வித்துத் துகளாக்கிய ஒரே படிநிலை முறை அது. துகள் காற்றையே பார்க்கவில்லை. உலர்ந்த தூளாகி ஒட்டிக்கொள்ளவும் வாய்ப்பில்லை. அதிலும் 40-ஐத் தொட்டது தயோகிளைக்காலிக் அமிலம் சேர்த்த மாதிரி மட்டுமே. அமிலம் இல்லாதவை அதற்கு வெகு கீழே நின்றன. அவற்றிலும் புதிதாகச் செய்ததைவிடச் சில காலம் வைத்திருந்தது குறைவாகவே காட்டியது. ஒரே ஆய்வகம், ஒரே செம்பு. அப்படியிருந்தும் மூன்று விடை.

நம் கல்லூரிகளில் நடப்பது பெரும்பாலும் இரண்டு படிநிலை முறை: தூளை விலைக்கு வாங்கி, நீரில் போட்டு, மீயொலிக் கருவியில் கலக்குவது. செலவு குறைவு, அளவு அதிகம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாக்கெட்டில் '20 நானோமீட்டர்' என்று அச்சிட்டிருப்பதால் நீருக்குள்ளும் அது 20-ஆகவே இருக்கும் என்று நம்புவது வெகுளித்தனம். பி.எச். 9-ஐ ஒட்டி அலுமினாத் துகளின் மின்னேற்றம் ஏறக்குறைய அற்றுப்போகும். துகள்கள் திரண்டு படியும். போர்வெல் தண்ணீரின் உப்பும் இதே வேலையைச் செய்யும். சர்பாக்டன்ட் சேர்த்தால் படிவது தள்ளிப்போகும். ஆனால் அவற்றில் பல 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பிடி தளரும். போடிமெட்டு லாரியின் ரேடியேட்டரோ 90-ஐ ஒட்டி ஓடுகிறது! மீயொலியும் கூடக்கூட நல்லது என்றில்லை. கார்பன் நானோகுழாய்களை அளவு மீறி அதிரவிட்டால் அவை உடைந்து குட்டையாகும். நீளத்தால் கிடைத்த ஆதாயம் போய்விடும்.

அப்படியானால் துகள்கள் தனித்தனியாக நின்றால் போதுமா? அவ்வளவு எளிதாக முடியவில்லை. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஜான் பிலிப் குழுவினர் 2007-இல் இரும்பு ஆக்சைடு கலந்த பாய்மத்தைக் காந்தப் புலத்தில் வைத்தார்கள். துகள்கள் வெப்பம் பாயும் திசையில் சங்கிலியாகக் கோத்துக்கொண்டபோது, 6.3 விழுக்காட்டுக் கலவையில் கடத்துதிறன் 300 விழுக்காடு உயர்ந்தது. திரள்வது நல்லதா கெட்டதா என்பது எந்த வடிவில், எந்தத் திசையில் திரள்கிறது என்பதைப் பொறுத்தது.

2009-இல் வெளியான பன்னாட்டு ஒப்பீட்டு ஆய்வு இந்தத் துறைக்கு ஒரு கடிவாளம். ஒரே மாதிரிகளை 30-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அனுப்பி அளக்கச் சொன்னார்கள். ஜான் பிலிப்பும், சென்னை ஐஐடியின் சரித் குமார் தாஸ், டி. சுந்தரராஜன் ஆகியோரும் அதில் பங்கேற்றார்கள். பெரும்பாலான அளவீடுகள் சராசரியிலிருந்து 10 விழுக்காட்டுக்குள் அடங்கின. விந்தையான உயர்வு எதுவும் தென்படவில்லை. அதற்கு முன் ஆய்வு இலக்கியத்தில் நடந்த சண்டைகளில் பல மாதிரி வேறு வேறாக இருந்ததால் வந்தவை என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

கட்டுரை வாசிக்கவிருப்போரிடம் ஒரு கோரிக்கை. தூளின் மூலம், கலக்கிய நேரம், கருவியின் திறன், பி.எச்., சேர்த்த பொருளின் அளவு, செய்த எத்தனையாவது நாளில் அளந்தது ஆகியவை முதல் ஸ்லைடில் வரட்டும். சதவீதம் அதன் பிறகு. பாகுத்தன்மை எவ்வளவு கூடியது என்பதையும் விட்டுவிட வேண்டாம். கடத்துதிறனில் மிச்சம் பிடித்ததைப் பம்பின் மின்சாரம் விழுங்கிவிடக் கூடும். முதல் அமர்வு தயாரிப்பு முறைகளுக்கே. கேள்வி நேரமும் அதற்குத்தான் கூடுதலாக ஒதுக்கப்பட்டிருக்கிறது.