கொளுத்தியது எதை?



எலிக்குச் சாதி தெரியாது. நகராட்சிக்குத் தெரியும். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கைப் பாருங்க.

அங்கே இந்தியர்களை ஒதுக்கிவைத்த இடத்துக்குப் பெயர் 'கூலி லொகேஷன்'. தமிழர்களும் இருந்தார்கள். 99 வருஷக் குத்தகை நிலம். 1903இல் நகராட்சி அதைக் கையகப்படுத்தியது. வாடகை வாங்கியது, துப்புரவைக் கைகழுவியது. ஆட்கள் மேலும் மேலும் அடைபட்டார்கள். பிறகு அவர்களையே அசுத்தமானவர்கள் என்றது.

1904 மார்ச். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த 23 இந்தியத் தொழிலாளிகள் நுரையீரல் பிளேக்கோடு திரும்பினார்கள். பெரும்பாலோர் செத்துப்போனார்கள். நோய் பிடித்தது சுரங்கத்தில். கொளுத்தியது குடியிருப்பை. சுரங்கம் தொடர்ந்து ஓடியது.

காந்தி நோயாளிகளைப் பராமரித்தார், உண்மை. பிப்ரவரியிலேயே சுகாதார அதிகாரி போர்ட்டருக்கு எச்சரிக்கைக் கடிதமும் எழுதினார். அதே கடிதத்தில், கறுப்பின மக்களை லொகேஷனிலிருந்து அகற்றச் சொல்லியும் கேட்டார். மிதிபடுகிறவனும் தனக்குக் கீழே ஒருத்தனைத் தேடுறான். அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வு கடல் தாண்டியும் போயிருக்கு.

எல்லாரையும் 13 மைல் தள்ளி கிளிப்ஸ்ப்ரூட்டில் கூடாரங்களில் வைத்தார்கள். கறுப்பின மக்களை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள், நகரத்தின் கழிவுநீர்ப் பண்ணைக்குப் பக்கத்தில். பின்னாளில் அது சொவெட்டோவின் ஒரு பகுதியானது. எரிந்த நிலம் 'நியூடவுன்' ஆனது. பிளேக் போச்சு, பிரித்துவைத்தது நிலைச்சுப்போச்சு.

சுகாதாரம்னு சொல்லிக்கிட்டு சேரியை அகற்ற வருகிறவர்களிடம் முதலில் கேளுங்க: தண்ணிக் குழாய் எங்கே? சாக்கடை எங்கே? நாங்க போன பிறகு எங்க மண்ணில் என்ன கட்டப் போறீங்க?