கொள்ளை நோயின் கணக்கை யார் எழுதுவது?



ஒரு கொள்ளை நோயின் முதல் மாதங்களை யார் எழுதி வைப்பது என்பது பற்றி இங்கு இரண்டொரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம். அது சர்க்கார் வேலை, நமக்கென்ன என்று நினைப்பவர்கள், கொரோனா தோன்றிய காலத்தில் சீனாவின் ஊகான் நகரில் நடந்ததைச் சற்றுக் கவனிக்க வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகிறோம்.

2019 டிசம்பர் 30-ந் தேதி, அவ்வூர்க் கண் வைத்தியர் லீ வென்லியாங் என்பவர், ஏழு பேருக்கு சார்ஸ் கண்டிருக்கிறது, ஜாக்கிரதை என்று தம்மோடு படித்த டாக்டர்களுக்குச் செல்போனில் தெரிவித்தார். இதற்கு அவருக்குக் கிடைத்த சன்மானம் என்ன? 2020 ஜனவரி 3-ந் தேதி போலீசார் அழைத்து, பொய் பரப்பியதாகக் கண்டித்துக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் காகிதத்தை அவர் ஜனவரி 31-ல் உலகறிய வெளியிட்டார். பிப்ரவரி 7-ல் அதே நோயால் மாண்டார். மார்ச் 19-ல் போலீசார் கண்டனத்தை வாபஸ் வாங்கி, குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். அந்தக் காகிதம் வெளிவராதிருந்தால் இந்த நியாயமாவது கிடைத்திருக்குமா?

ஜனவரி 23 முதல் 76 நாள் அந்நகரம் அடைபட்டுக் கிடந்தது. அங்கிருந்த எழுத்தாளர் ஃபாங் ஃபாங் அம்மையார், தாம் கண்டதையும் கேட்டதையும் இணையத்தில் 60 குறிப்புகளாக எழுதினார். பல குறிப்புகள் அழிக்கப்பட்டன, அவர் நிறுத்தவில்லை. அது வெளிநாட்டில் புத்தகமாகிறது என்றதும் தேசத்துரோகி என்று தூற்றினார்கள்.

சர்க்கார் கணக்கு என்னவாயிற்று? ஏப்ரல் 17-ல் விட்டுப்போன 1,290 சாவுகளைச் சேர்த்து, மொத்தம் 3,869 என்றார்கள். அதாவது முன் சொன்ன தொகையில் பாதியளவு கணக்கிலேயே இல்லை! சீனாதானே என்று சிரிக்க வேண்டாம். நமது சென்னையிலும் 2020 ஜூலை 22-ல், விட்டுப்போன 444 சாவுகள் கணக்கில் சேர்க்கப்பட்டன.

எழுதுகிறவனும் தவறலாம் அல்லவா என்று கேட்பீர்கள். தவறலாம். டாக்டர் லீ சார்ஸ் என்றது சரியல்ல. அது ஒரு புதிய வைரஸ். எழுதியதைத் திருத்தலாம், தோழர்களே. எழுதாததை எப்படித் திருத்துவது?

ஆகையால், இனி ஒரு நோய் வந்தால், உங்கள் தெருவில் நடப்பதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்து எழுதுங்கள். செத்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அவர்களைக் கணக்கில் விடாமலிருப்பதேயாகும்.