சொல்லிவிட்டுக் கழற்றுவோம்

(தோட்ட வாசிகசாலையில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நடந்த கணினி வகுப்பில் பேசியது)



இன்றைக்கு நம்ம லயத்து வீடுகளிலும் பென் டிரைவ் இருக்கு. பிள்ளையின் பாடக் குறிப்பு, கல்யாணப் படம், பிறப்புச் சான்றிதழின் பிரதி எல்லாம் அந்த விரலளவு சாமானுக்குள்ளேதான். ஆனால் வேலை முடிந்ததும் சட்டென்று பிடுங்கிவிடுகிறோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் திறக்காது. "பென் டிரைவ் பழுது" என்கிறோம். பல நேரம் பழுது அதில் இல்லை, கழற்றின விதத்தில்தான்.

கொழுந்து மடுவத்தை நினைத்துப் பாருங்கள். கொழுந்து நிறுத்தாச்சு. ஆனால் கணக்கப்பிள்ளை இன்னும் புத்தகத்தில் பதியவில்லை. அதற்குள் யாரோ புத்தகத்தைப் பறித்துக்கொண்டு போனால் அந்தக் கிலோ யார் கணக்கில் வரும்? கொம்பியூட்டரும் அப்படித்தான். கொப்பி பண்ணச் சொன்னதும் அது எல்லாவற்றையும் முதலில் தன் நினைவகத்தில் வாங்கி வைக்கும். பென் டிரைவில் எழுதும் வேகம் குறைவு. அதனால் "முடிந்தது" என்று நமக்குக் காட்டிவிட்டு, பின்னால் ஆறுதலாக எழுதும். லினக்ஸ் என்ற இயக்க முறைமை சாதாரணமாகச் சுமார் 30 செக்கன் வரைகூட எழுதாமல் வைத்திருக்கும். அந்த நேரத்தில் பிடுங்கினால், எழுதாமல் இருந்தது அப்படியே போய்விடும்.

இதில் இரண்டு நட்டம் உண்டு. ஒன்று, கொப்பி பண்ணின கோப்பு அரைகுறையாக நிற்கும். மற்றது அதைவிட மோசம். எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று பென் டிரைவுக்குள் ஓர் அட்டவணை இருக்கு. அதை எழுதும்போது பிடுங்கினால், போன வருசம் வைத்த படமும் சேர்ந்து காணாமற் போகலாம். பென் டிரைவுகளில் அதிகம் இருக்கும் ஃபாட் 32, எக்ஸ்ஃபாட் என்ற முறைகளில், அட்டவணையில் செய்யும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் ஏற்பாடு இல்லை. என்.டி.எஃப்.எஸ். முறையில் அது இருக்கு. ஆனாலும் அது அட்டவணையைத்தான் காப்பாற்றும், எழுதாமல் விட்ட படத்தைத் திருப்பித் தராது.

"விண்டோஸில் இப்ப அப்படியே கழற்றலாமே" என்று பிள்ளைகள் கேட்பீர்கள். அதில் உண்மை இருக்கு. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, பென் டிரைவுக்கு எழுத வேண்டியதைப் பிந்தி எழுதாமல் உடனே எழுதும்படி மாற்றிவிட்டார்கள். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் அங்கேயும் கெடும். அந்த அமைப்பை யாரும் மாற்றியும் வைத்திருக்கலாம். கடையில் இருக்கும் கொம்பியூட்டர் எப்படிப்பட்டதென்று நமக்கு எப்படித் தெரியும்? அதனால் எங்கே போனாலும் ஒரே பழக்கம் நல்லது.

முதலில் திறந்திருக்கும் கோப்புகளை மூடுங்கள். திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் பென் டிரைவ் அடையாளத்தை அழுத்தி, "எஜெக்ட்" கொடுங்கள். கழற்றலாம் என்று சொன்ன பிறகு கழற்றுங்கள். "இன்னும் பாவனையில் இருக்கிறது" என்று வந்தால் அவசரப்படாதீங்க. மற்றதெல்லாவற்றையும் மூடிப் பாருங்கள். அப்பவும் விடாவிட்டால் கொம்பியூட்டரை முழுசாக நிறுத்திவிட்டு எடுங்கள். போனில் உள்ள மெமரி கார்டையும் போனை நிறுத்திவிட்டே கழற்றுங்கள். கொமியூனிகேஷன் கடைக்குப் போனால், "தம்பி, எஜெக்ட் பண்ணிக் குடுங்க" என்று கேட்க வெட்கப்படாதீங்க அம்மா.

ஏற்கனவே பிடுங்கிக் கெட்டுப் போயிருந்தால்? மறுமுறை செருகும்போது "ஃபோர்மட் பண்ணவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபோர்மட் பண்ணினால் இருக்கிற அட்டவணையும் போய்விடும். புதிதாக எதையும் அதில் போடாதீங்க. போட்டால் பழைய படம் இருந்த இடத்தில் புதியது ஏறிவிடும். "சரிபார்க்கவா?" என்று கேட்டால், திறக்கக்கூடியதையெல்லாம் முதலில் வேறிடத்துக்குக் கொப்பி பண்ணிவிட்டுச் சம்மதியுங்கள்.

கடைசியாக ஒன்று. போனில் இருக்கும் படத்தை அழிக்க முன்னம், பென் டிரைவைக் கழற்றித் திரும்பச் செருகி, படம் திறக்குதா என்று பாருங்கள். முக்கியமான சான்றிதழ்களை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரு நிமிசம் பொறுத்தால் ஒரு வருசச் சேமிப்பு மிஞ்சும்.