காயமுற்றோரின் அநீதி உணர்வும் அதன் அளவீடும்

ஆலை விபத்தில் ஒருவர் கைப் பெருவிரலை இழந்தால், அதனை வருவாய் ஈட்டும் திறனில் 30 சதவீத இழப்பு என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை வகுத்தது. பிறருடைய கவனக்குறைவுக்குத் தாம் ஏன் துன்புற வேண்டும் என்ற அவரது குமுறலுக்கு அட்டவணை ஏதும் இல்லை.

இக்குமுறலை அளக்கும் வினாப்பட்டியலொன்றைக் கனடா நாட்டின் மெக்கில் பல்கலைக்கழக உளவியலறிஞர் மைக்கேல் சலிவனும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்டனர். அதிலுள்ள 12 எண்ணங்களில் ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி தம் மனத்தில் எழுகிறது என்பதற்குக் காயமுற்றவர் 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுகிறார்; உச்ச அளவு 48. இழப்பு ஈடுசெய்ய இயலாதது என்னும் எண்ணம் ஒருபுறம். பிறர்மீது பழிகாணும் எண்ணம் மறுபுறம். மதிப்பெண் மிகுந்தோரிடம் வலியும் மனச்சோர்வும் மிகுந்தும், வேலைக்குத் திரும்பும் வாய்ப்பு குறைந்தும் இருந்தமையை ஆய்வுகள் காட்டின.

எனினும் இவ்வெண் அளப்பது உணர்வையே. அநீதி நிகழ்ந்ததா என்பதையன்று. உயர்ந்த மதிப்பெண் பெற்றவரைக் 'குறைகூறும் இயல்பினர்' எனக் கோப்பில் குறித்துவிடுதல் எளிது. கோப்பு மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் இழுத்தடிக்கப்படும் நட்டஈடும், வலி உண்மைதானா என்ற ஐயப்பார்வையும்கூட அந்த எண்ணை உயர்த்தக்கூடும். பட்டியல் நிரப்பப்படும் நாளில் நட்டஈட்டு மனு எந்நிலையில் உள்ளது என்பதையும் உடன் குறித்துவைத்தல் வேண்டும். எழுத்தறியாதவருக்கு வினாக்களை வாசித்துக்காட்டுபவர் ஆலை நிர்வாகத்தைச் சேர்ந்தவராக இருத்தலாகாது.