கசப்பு விதைக்கு மணம் வந்த கதை

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசு கொடுக்கிற நாளில் நீட்டி முழக்குகிறவனைப் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. எனக்கும் அந்த வயசில் பிடிக்காதுதான். ஆகவே உங்களுக்குப் பிடித்ததைப் பற்றியே பேசுகிறேன். சாக்லெட்!

சாக்லெட் எங்கிருந்து வருகிறது? "கடையிலிருந்து" என்கிறான் முன்வரிசைத் தம்பி. சரிதான், கடைக்கு எங்கிருந்து வந்தது? கொக்கோ மரத்திலிருந்து. அந்த மரம் நம் மலாக்காவுக்குப் புதிதல்ல. டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், 1778இலேயே, மலாக்காவில் கொக்கோ மரம் இருந்ததாகக் குறிப்பு உண்டு. பிற்காலத்தில் நம் நாட்டுத் தோட்டங்களில் கொக்கோ பெருகி, 1990இல் விளைச்சல் 247,000 டன்னைத் தொட்டது. பிறகு காய்த்துளைப்பான் பூச்சி வந்தது, விலை விழுந்தது, செம்பனை வந்து இடத்தைப் பிடித்தது. 2020க்குப் பிறகு ஆண்டுக்கு ஆயிரம் டன்கூட விளையவில்லை.

1980களில் நான் ஒரு தோட்டத்துக் கொக்கோ ஸ்டோரில் கிராணியாக இருந்தேன். அங்கே கற்ற பாடத்தைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

கொக்கோ காயை உடைத்தால் உள்ளே மங்குஸ்தான் சுளை மாதிரி வெள்ளைச் சதை இருக்கும். இனிப்பும் புளிப்புமாக ருசிக்கும். அதற்குள் இருக்கிற விதையைக் கடித்தால் உடனே துப்பிவிடுவீர்கள். அவ்வளவு கசப்பு, அவ்வளவு துவர்ப்பு. சாக்லெட் மணம் எள்ளளவும் இராது. அந்தப் பச்சை விதையை அப்படியே காயவைத்து வறுத்தாலும் மணம் வராது. அப்படியானால் மணம் எங்கிருந்து வருகிறது?

விதையைச் சதையோடு மரப்பெட்டியில் கொட்டி வாழையிலையால் மூடுவோம். முதலில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சதையிலுள்ள சர்க்கரையைச் சாராயமாக்கும். நம் வீட்டுத் தோசை மாவு பொங்குவதும் நுண்ணுயிர்களின் வேலைதானே! பிறகு பெட்டியைக் கிளறிவிடுவோம். காற்றுப் பட்டதும் வேறு நுண்ணுயிர்கள் வந்து சாராயத்தைக் காடியாக்கும். அந்த வேலையில் பிறக்கும் சூடு 45 முதல் 50 டிகிரி வரை ஏறும். உள்ளே கை வைத்தால் கை சுடும்.

அந்தச் சூடும் காடியும் விதைக்குள் இறங்கும். அதற்குப் பிறகு விதை முளைக்காது. உள்ளே சின்னச் சின்ன அறைகளின் சுவர்கள் உடையும். அதுவரை தனித்தனியே இருந்த நொதிகள் புரதத்தோடும் சர்க்கரையோடும் கலக்கும். புரதம் அமினோ அமிலங்களாகப் பிரியும். சர்க்கரை குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிரியும். ஊதா நிறம் மங்கிப் பழுப்பாகும். கசப்பும் துவர்ப்பும் குறையும். இதற்கே ஐந்தாறு நாள் பிடிக்கும். அப்புறம் காயவைத்து, தொழிற்சாலையில் வறுக்கும்போதுதான் அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து மணம் கிளம்பும். இந்தச் சேர்க்கையை 1912இல் விளக்கியவர் மயார் என்ற பிரெஞ்சு அறிஞர். காப்பிக்கொட்டை வறுபடும்போது வருகிற மணத்துக்கும் இதுவே முக்கியக் காரணம்.

ஐஸ்கிரீமில் மணக்கிற வெனிலாவும் இப்படித்தான். பறித்த பச்சைக் காயில் அந்த மணம் இராது. வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வியர்க்கவைத்து, காயவைத்து, மாதக்கணக்கில் பெட்டியில் பொத்தி வைப்பார்கள். சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும் வெனிலினை நொதி பிரித்துவிட்ட பிறகுதான் அது மணக்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன். அந்நாளில் நம் நாட்டுக் கொக்கோவுக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது, "புளிக்கிறது" என்று. ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக் கொக்கோவைவிடக் குறைந்த விலைக்கே அது போனது. எங்கள் ஸ்டோரில் எப்போதும் அவசரம். "நாளைக்கு லாரி ஏத்தணும், சூட்டை ஏத்து!" என்பார் மேலே இருந்தவர். ஸ்டோரில் வேலை செய்த ஒரு பாட்டியம்மா விதையை முகர்ந்து பார்த்து, "கிராணி ஐயா, இன்னும் காடி வாசம் அடிக்குதுங்க. இப்பவே சூட்டை ஏத்துனா வாசம் உள்ளேயே நின்னு போயிடும்" என்றார். நான் கேட்கவில்லை. சூட்டை ஏற்றினேன். மேல்தோல் சட்டென்று இறுகியது. காடி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது. அந்தச் சரக்குக்கு விலை குறைந்தது. பாட்டியம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிறகு ஆராய்ச்சியாளர்கள் கண்டு சொன்னதும் அந்த அம்மா சொன்னதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. நம் நாட்டுக் காயில் சதையும் சர்க்கரையும் அதிகம். அதனால் காடியும் அதிகம். ஆகவே காயைச் சில நாள் வைத்திருந்து உடையுங்கள், பெட்டியின் ஆழத்தைக் குறையுங்கள், மெதுவாகக் காயவையுங்கள் என்றார்கள். மரத்தை வெட்டச் சொல்லவில்லை. விதைக்கு ஏற்றபடி முறையை மாற்றச் சொன்னார்கள்.

பெற்றோர்களே, இன்று இந்த மேடையில் ஏறாத பிள்ளைகளும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பாரு" என்று சொல்லிச் சூட்டை ஏற்றிவிடாதீர்கள். நான் ஒரு தடவை ஏற்றிப் பார்த்தவன். புளிப்பு உள்ளேயே தங்கிவிடும்.

பரிசு பெற்ற செல்வங்களுக்கு என் வாழ்த்து. இன்னும் பெட்டிக்குள் கனிந்துகொண்டிருக்கும் செல்வங்களுக்கும் அதே வாழ்த்து. அடுத்த முறை சாக்லெட்டைப் பிரிக்கும்போது, வாயில் போடுவதற்கு முன் ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். பலருடைய பொறுமை அதில் மணக்கும்.