டெபோராவின் வயது



அமெரிக்க விடுதலைப் போரில் அடிமைகளின் கதையை எழுத வருகிறவர், 1776 சுதந்திரப் பிரகடனத்துக்குச் சில மாதங்கள் முன்பே தொடங்க வேண்டும். 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் ஆங்கிலேய ஆளுநர் டன்மோர், கிளர்ச்சியாளர்களின் அடிமைகளில் ஆயுதம் ஏந்தி மன்னர் பக்கம் சேர்வோருக்கு விடுதலை என்று அறிவித்தார். மன்னருக்கு விசுவாசமான முதலாளிகளின் அடிமைகளுக்கு அது கிடையாது. எதிரியை முடக்கப் போட்ட போர்த் திட்டம் அது. கருணைக்கு அதில் இடமில்லை. ஆயினும் நூற்றுக்கணக்கானோர் உயிரைப் பணயம் வைத்து ஓடிவந்தார்கள். அவர்களுள் பலரை டன்மோரின் முகாமிலேயே பெரியம்மை கொண்டுபோயிற்று.

ஒரு பெண்ணைச் சற்று நின்று பார்ப்போம். 1781 ஏப்ரலில் 'சாவேஜ்' என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பல் பொட்டோமாக் ஆற்றில் வந்து, ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையருகே நின்றது. பண்ணையிலிருந்து அடிமைகள் 17 பேர் அதில் ஏறிப் போனார்கள். பண்ணையைக் கவனித்துவந்த வாஷிங்டனின் உறவினர் எழுதிய பட்டியலில், அவர்களுள் ஒருவரான டெபோராவுக்கு வயது 16. இரண்டே ஆண்டில், நியூயார்க்கிலிருந்து கப்பலேறுகையில், ஆங்கிலேயர் பதிவேட்டில் அவர் வயது 20. பண்ணையை விட்டு வந்து நான்காண்டு ஆயிற்று என்றும் இருக்கிறது. கணக்கு ஒத்துவரவில்லை. அடிமைகளைத் திருப்பித் தரும்படி வாஷிங்டன் கேட்டபோது, ஆங்கிலேயத் தளபதி கார்ல்டன் மறுத்து, பின்னாளில் இழப்பீடு கணக்கிட உதவும் என்று சுட்டிக்காட்டிய பதிவேடு அது. ஆக, இரண்டுமே உடைமைக் கணக்குகள். இரண்டும் ஒத்துப்போகும் முக்கியச் செய்தி இது: டெபோரா பண்ணையை விட்டு வெளியேறினார்.

அப்பதிவேட்டில் இருப்போர் சுமார் 3,000 பேர். அவர்களுள் பலர் போய்ச் சேர்ந்த நோவா ஸ்கோஷியாவின் குளிரும், தரிசு நிலமும், வெள்ளையரின் பகையும் அவர்களைச் சோர்வடையச் செய்தன. 1792இல் ஏறத்தாழ 1,200 பேர் சியரா லியோனுக்குப் புறப்பட்டுப் போனார்கள்.

மறுபக்கத்தில், கிளர்ச்சியாளர்களோடு சேர்ந்தும் அடிமைகள் போராடினார்கள். ரோட் தீவு 1778இல் அடிமைகளைப் படையில் சேர்த்து விடுதலை தந்தது. பென்சில்வேனியாவின் 1780 அடிமை ஒழிப்புச் சட்டமோ, அதன்பின் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகளும் 28 வயது வரை உழைக்க வேண்டும் என்றது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது. புதிய குடியரசின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790இல் நடந்தபோது, ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகளாகவே இருந்தார்கள். அந்தப் போர் அவர்களுக்கு விடுதலைப் போர் ஆகவில்லை என்பதே என் தீர்ப்பு.

கட்டுரை படிக்க வந்திருக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். 'அடிமைகள் விடுவிக்கப்பட்டனர்' என்று எழுதுமுன், யார், எந்தப் பண்ணையிலிருந்து, யாரோடு, எப்படி வெளியேறினார்கள் என்று தேடுங்கள். பெயர் கிடைத்தால் பெயரைச் சொல்லியே எழுதுங்கள். இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.